தொட்டிக்குள்ள புழு நெளியுதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார் வணக்கம். வீட்ல ஒன்றரை அடி மீன் தொட்டி, கப்பி ஒரு பத்து பன்னெண்டு, மோலி ரெண்டு இருக்கு. போன வாரத்துல இருந்து காலைல பாத்தா கண்ணாடில வெள்ளையா நூல் மாதிரி குட்டி குட்டிப் புழு, கல்லைக் கிளறினா இன்னும் நிறைய மேல வருது. கடைல நீல மருந்து குடுத்தாங்க, எங்க அத்தை எல்லாத்தையும் கொட்டிக் கழுவச் சொல்றாங்க. எது சரி? (வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: ரெண்டுமே வேண்டாம்ங்க, தயவுசெஞ்சு அந்த பாட்டிலைத் திறக்காதீங்க. நீங்க சொல்றத வெச்சு பாத்தா இது டெட்ரைடஸ் வார்ம், மண்புழுவுக்குத் தூரத்து சொந்தம். மீனைக் கடிக்காது, குழந்தைங்களுக்கும் இதால ஒண்ணும் ஆகாது, தொட்டில கை விட்டா சோப்பு போட்டுக் கழுவினா போதும். மிச்சம் விழுந்த தீனி, மீன் கழிவு, அழுகின இலை இதைத்தான் சாப்பிடுது. எல்லாத் தொட்டியிலயும் கல்லுக்கடியில கொஞ்சம் இருக்கும், கண்ணுல படுற அளவுக்குப் பெருகிடுச்சுன்னா அடியில தீனி நிறைய தங்குதுன்னு அர்த்தம்.

அந்த நீல மருந்து பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூவா இருக்கும், அது பூஞ்சைக்கு. கல்லுலயும் ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் இருக்கற நல்ல பாக்டீரியா தான் மீன் விடுற அம்மோனியாவ நைட்ரைட்டாக்கி அப்புறம் நைட்ரேட்டாக்குது, இந்த மருந்து அதையும் கெடுக்கும். எல்லாத்தையும் கொட்டிக் கழுவினாலும் அதே கதைதான், தொட்டி பளிச்சுன்னு இருக்கும், ஆனா அம்மோனியா ஏறி அந்த வாரமே மீன் ஒண்ணொண்ணா செத்து மிதக்கும். தொட்டி கழுவினதும் மீன் செத்துப்போச்சுன்னு எனக்கு லெட்டர் போடுற பல பேர் வீட்ல நடந்தது இதுதான், அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

முதல்ல ரெண்டு நாள் தீனியே போடாதீங்க. வளர்ந்த கப்பிக்கு ஒண்ணும் ஆகாது, தண்ணில நெளியற புழுவையே புடிச்சு சாப்பிடும். அப்புறம் தினமும் ஒரு வேளை, ரெண்டு நிமிஷத்துல தீர்ற அளவு மட்டும். வீட்ல ஆளாளுக்கு வந்து ஒரு சிட்டிகை போடுறதுதான் நிறைய வீட்ல பிரச்சனை, அன்னன்னைக்குத் தேவையானத ஒரு குட்டி டப்பால எடுத்து வெச்சிட்டு பெரிய டப்பாவை மேல தூக்கி வெச்சிடுங்க.

வாரம் ஒரு தடவை டியூப் வெச்சு தண்ணி எடுக்கும்போது மேலாக எடுக்காம டியூப் வாயை கல்லுக்குள்ள குத்தி குத்தி எடுங்க, பழுப்பா அழுக்கு வரும், புழுவும் கூடவே வரும். உங்க தொட்டில சுமாரா 35, 40 லிட்டர் தண்ணி இருக்கும், அதுல 10 லிட்டர் மாத்தினா போதும், இந்த வாரம் ஒரு பாதி கல்லு அடுத்த வாரம் மறு பாதி. ஸ்பாஞ்சை அந்த எடுத்த தண்ணிலயே பிழிஞ்சு மாட்டுங்க, குழாய்த் தண்ணில கழுவக் கூடாது, குளோரின் அந்த பாக்டீரியாவைக் கொன்னுடும். புதுத் தண்ணில ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டு ஊத்துங்க.

இன்னொண்ணு, ராத்திரி சத்தம் கேக்குதுன்னு மோட்டாரை ஆஃப் பண்றீங்களா? காலைல புழு கண்ணாடில ஏறுதுன்னு எழுதியிருக்கறதால கேக்கறேன். ஆக்சிஜன் குறைஞ்சா அடியில இருக்கறது மேல ஏறி வரும், நம்ம ஊரு வெயிலுக்குத் தண்ணி சூடாச்சுன்னா ஆக்சிஜன் இன்னும் குறையும், செடி இருந்தா அதுவும் ராத்திரில ஆக்சிஜன் எடுக்கும். 24 மணி நேரமும் ஓடட்டும். மூணு நாலு வாரத்துல புழு நல்லா குறைஞ்சிடும், ஒண்ணு ரெண்டு தெரிஞ்சா விட்டுடுங்க.

கேள்வி: என் தொட்டில புழு நெளியாம கண்ணாடி மேல வழுக்கிட்டுப் போகுது, தலை முக்கோணமா இருக்கு. இறால் வளக்கறேன். (வாசகர், கோவை)

பதில்: அது பிளனேரியா, தட்டைப்புழு. லென்ஸ் வெச்சுப் பாத்தா தலைல ரெண்டு கண்ணுப் புள்ளி தெரியும். இறால் குஞ்சைப் பிடிச்சுத் தின்னும், அதனால விடக் கூடாது. நசுக்கியோ வெட்டியோ தொட்டிக்குள்ளயே போடாதீங்க, துண்டுல இருந்து முழுப் புழு வளரும். சின்ன ஓட்டை போட்ட டப்பால ஒரு துண்டு பச்சை இறைச்சி வெச்சு ராத்திரி இறக்கி வெச்சிட்டு விடியறதுக்குள்ள எடுத்துடுங்க, தினமும் பண்ணினா எண்ணிக்கை இறங்கும். தொட்டில நத்தை இருந்தா ஃபென்பெண்டசோல்ங்கற புழு மருந்து பக்கம் போகாதீங்க, நத்தைக்கு ஆகாது.

கேள்வி: கப்பியோட ஆசனவாய்ல சிவப்பா நூல் தொங்குது, அதுவும் தீனியால வர்ற புழுவா? (வாசகி, சேலம்)

பதில்: இல்லம்மா, இது வேற, அவசரமும் கூட. கமலானஸ்னு குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கிற புழு மாதிரி தெரியுது. தீனி குறைச்சா போகாது. ஆடு மாட்டுக்குக் குடுக்கற லெவமிசோல் இதுக்கு வேலை செய்யும், அளவை கால்நடை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஒரு மீனுக்குத் தெரிஞ்சாலும் தொட்டி மொத்தத்துக்கும் போடணும், மயங்கி விழற புழுவ மறுநாளே டியூப் வெச்சு உறிஞ்சி எடுக்கணும், ரெண்டு மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை போடணும். அதுவரைக்கும் அந்தத் தொட்டி வலையை வேற தொட்டில விடாதீங்க.