ஒற்றைப் பெயர், இரண்டு கட்டங்கள்

அன்புள்ள ஐயா,

ஆய்வுப் பணிக்காக வெளிநாடு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு தரமாட்டேன் என்றார்கள். வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு வீடு தர யாரும் தயாராக இல்லை. இப்போது வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க ஐந்து மாதங்கள் அலைந்தேன். கவுண்டரில் இருப்பவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடைசியில் வந்த அட்டையில் என் பெயரை இரண்டு முறை அச்சிட்டிருக்கிறார்கள். போகட்டும், அட்டை வந்ததே என்று விட்டுவிட்டேன். மனம் சலித்துவிட்டது. ஊர் திரும்பிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கவுண்டரில் இருப்பவரின் முகத்தை விடுங்கள். அவர் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் முத்திரை விழுந்தால் சரி. ஐந்து மாதக் காத்திருப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கடிதப் பெட்டியை ஒரே நாளில் மூன்று முறை திறந்து பார்த்தவன் நான். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. 'போகட்டும்' என்று எப்படி விட்டீர்கள்? உங்கள் ஆய்வில் ஓர் எண் பிசகினால் இப்படி விடுவீர்களா?

சில மாதங்களாக நான் இந்தப் பெயர் விவகாரத்தையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாஸ்போர்ட்டில் புகைப்படப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள், வரிக்கு 44 இடங்கள். அதில் பெயருக்கு 39. எந்த மொழிக்காரரின் பெயரும் 26 ரோமன் எழுத்துகளுக்குள் வந்தாக வேண்டும். நம் ழகரத்துக்கு அங்கே இடமில்லை. அப்படிப்பட்ட விதியை வகுத்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்புகூட, தன் 9303-ஆம் ஆவணத்தில், குடும்பப் பெயர் என்று தனியாக இல்லாத ஒற்றைப் பெயரை ஏற்றுக்கொள்கிறது. இந்தோனேசியாவின் முதல் இரண்டு அதிபர்கள், சுகர்ணோவும் சுகார்த்தோவும், ஒற்றைப் பெயர்க்காரர்கள்தாம். அலுவலகப் படிவத்தில்தான் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டும் நிரம்பாமல் திரை நகராது. அமெரிக்க விசாவில் முதற்பெயர் இல்லாதவருக்கு 'எஃப்என்யூ' என்று அச்சிடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். பெற்றவர்கள் வைத்த பெயரோடு எதிரே நிற்கும் மனிதரைப் பார்த்து, தெரியவில்லை என்கிறார்கள்!

எனக்கும் ஒற்றைப் பெயர். வசிப்பு அனுமதி அட்டைக்காக நான்கு மணி நேரம் நின்றபின் என் முறை வந்தது. கவுண்டரில் இருந்த அம்மாள் இரண்டாவது கட்டத்திலும் என் பெயரையே தட்டினார்; திரையை என் பக்கம் திருப்பி, சரிதானே என்று கேட்டார். கால் வலி. சரி என்று தலையாட்டினேன். உங்களைப் போலவேதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மகன் பிறந்தான். அவனுடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரை என் அட்டையைப் பார்த்து எழுதினார்கள். அவனுக்குப் பாஸ்போர்ட் வாங்கப் போனபோது, சான்றிதழில் இருக்கும் தகப்பனும் என் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் வேறு வேறு ஆட்கள் என்றார்கள். குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அதைச் சரிசெய்ய 14 மாதங்கள் ஆயின. இந்த இரண்டு பெயர்களும் ஒரே நபரையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் எழுதி, நான்தான் நான் என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டேன். மகன் கல்லூரியில் சேர்ந்தபோதும் அந்தத் தாளைத்தான் நீட்டினோம். மடிப்பு கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது. அவனுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை, ஆர். என் கால் வலிக்கு அவன் இன்னும் தாள் சுமக்கிறான்.

ஊர் திரும்புவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை உங்கள் வேலையும் வீடும் முடிவு செய்யட்டும். திரும்பினாலும் அந்த அட்டையைத் திருத்திக்கொண்டு திரும்புங்கள். இரட்டைப் பெயர் உங்கள் பணிச் சான்றிதழிலும் ஏறிவிட்டால் ஊரிலும் அதே அலைச்சல்தான். பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து வேண்டும் என்று கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வந்தேன் என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள், கோபம் வரும். மனுவாகக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு கைக்கு வரும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள். மனுவை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், அன்றைக்கே படித்துத் திருத்தித் தருகிறேன்.