ஓய்வுக்காலச் சேமிப்புக்குப் பங்குகளைப் பொறுக்கி வாங்குவதா, பரவலாகப் போடுவதா?

பரவலான முதலீடு என்பது ஒரே நிறுவனத்தை நம்பாமல், பல நிறுவனங்களில் பணத்தைப் பிரித்துப் போடுவது. நிஃப்டி 50 என்ற, ஐம்பது பெரிய இந்திய நிறுவனங்களின் பட்டியலை அப்படியே பின்பற்றிப் பணம் போடும் குறியீட்டு ஃபண்ட் இதற்கு எளிய வழி.

ஏன் தேவை? 2009 ஜனவரி 7 அன்று சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார். பங்கு விலை ஒரே நாளில் முக்கால்வாசிக்கு மேல் கரைந்தது. ஆண்டறிக்கையைக் கரைத்துக் குடித்தவருக்கும் இது தெரிந்திருக்காது, அறிக்கையே பொய்! அந்தப் பங்கை மட்டும் வைத்திருந்தவருக்குப் பேரிடி. குறியீட்டு ஃபண்ட் வைத்திருந்தவருக்கோ அது ஐம்பதில் ஒன்று. சில நாட்களில் வேறு நிறுவனம் அந்த இடத்துக்கு வந்தது. ஒரே பங்கை நம்பி, ஓய்வை நெருங்கும் 58 வயதில் விழுந்தால் எழுந்திருக்க அவகாசம் ஏது?

நிலக்கடலையில் துவரையை ஊடுபயிராகப் போடுவது போலத்தான் இது: கடலை காய்ந்தாலும் துவரை கொஞ்சம் கைகொடுக்கும்.

பத்து ஃபண்ட் வாங்கினால் பரவலாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பத்தும் அதே பெரிய வங்கிப் பங்குகளை வைத்திருந்தால், அது பரவல் ஆகாது.