மாடர்ன் ஆர்ட் சோறு போடுமா என்று கேட்கும் கரூர் அம்மாவுக்கு

கரூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணக்கில் மதிப்பெண் சுமார்தான். ஆனால் நோட்டுப் புத்தகம் முழுக்கக் கோடும் கட்டமும் வண்ணமுமாக வரைந்து வைத்திருக்கிறாள், ஓவியக் கல்லூரிக்குத்தான் போவேன் என்கிறாள். பெரியப்பா, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசிவிட்டேன் என்கிறார். அத்தையோ, "கிறுக்கின மாதிரி இருக்கிற மாடர்ன் ஆர்ட்டைப் படிச்சா யாரு பொண்ணு எடுப்பாங்க?" என்கிறார். அப்பா ஒரு பெட்ஷீட் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். நகையை அடகு வைத்து இன்ஜினியரிங் சேர்ப்பதா என்பதுதான் கேள்வி.

கவலை நியாயமானதுதான் அம்மா. அதற்கு மேல் ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நகையை அடகு வைக்காதீர்கள். கணக்கு பிடிக்காத பிள்ளையை நன்கொடை கொடுத்து ஒரு சாதாரணக் கல்லூரியில் சேர்த்தால், மூன்றாவது செமஸ்டரிலேயே அரியர் சேர ஆரம்பித்துவிடும். கேம்பஸ் இன்டர்வியூ நாளில் பெரியப்பா கூட வந்து நிற்க மாட்டார், வட்டியை நீங்கள்தான் கட்ட வேண்டும். அத்தைக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பதினேழு வயதுப் பிள்ளையின் படிப்பைக் கல்யாணப் பேச்சை வைத்து முடிவு செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

ஆர்க்கிடெக்சர், விஸ்காம், அனிமேஷன், நிஃப்ட் பற்றியெல்லாம் ஊரில் ஆளுக்கு ஆள் சொல்வார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு, உங்கள் ஊரிலேயே இருந்தும் யார் கண்ணிலும் படாத ஒன்றைச் சொல்கிறேன்: டெக்ஸ்டைல் டிசைன், அதாவது துணிக்கான உருவமும் நிறமும் அமைக்கும் வேலை.

மாடர்ன் ஆர்ட் என்றால் சட்டம் போட்டு மாட்டிய புரியாத படம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் வண்ணப் பாடத்தில் ஒரு முக்கியப் பகுதி சாயப்பட்டறையில் பிறந்தது. பாரிஸில் கோப்லான் என்ற அரசுத் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் செவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின. ஒரு நிறம் பக்கத்து நிறத்தை எப்படி மாற்றுகிறது என்பதைப் பற்றி அவர் 1839இல் வெளியிட்ட புத்தகம் ஸூரா, ராபர்ட் தெலோனே போன்ற பிரெஞ்சு ஓவியர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து மறுபடியும் துணிக்கே வந்தது. ராபர்ட்டின் மனைவியும் ஓவியருமான சோனியா தெலோனே 1911இல் தன் கைக்குழந்தைக்கு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்தார். பிறகு ஓவியத்தோடு துணி டிசைனையும் தொழிலாகவே செய்தார். ஜெர்மனியின் பௌஹாவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் கண்ணாடி ஓவியம் படிக்க ஆசைப்பட்ட ஆனி ஆல்பர்ஸ் கடைசியில் தறிக்கு வந்து சேர்ந்தார். 1949இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய நெசவுக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. 1965இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான், டச்சு ஓவியர் மோந்திரியனின் கறுப்புக் கோடும் வண்ணக் கட்டமும் வைத்துக் கவுன் தைத்தபோது அச்சடிக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக வெட்டி, உடம்பின் வளைவுக்கான தையலைக் கோடுகளுக்குள் மறைத்து இணைத்தார்கள். இந்த வேலை செய்ய ஓவியமும் தெரிய வேண்டும், துணியும் தெரிய வேண்டும்.

நம் பக்கமும் இதே கதைதான். காந்தியைக் கோட்டோவியமாக வரைந்த ஓவியர் ஆதிமூலம், மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் டிசைனராக வேலை பார்த்தவர். வங்காள ஓவியர் ஜோகேன் சௌத்ரி 1968இல் சென்னை வந்ததும் அதே மையத்தின் வேலைக்குத்தான். பெரிய ஓவியர்கள் மாதச் சம்பளம் வாங்கிய இடம் அது. சென்னை, காஞ்சிபுரம், சேலத்தில் இன்றும் அந்த மையங்கள் இருக்கின்றன.

சரி, வேலை என்னவென்று பார்ப்போம். ஒரு பூவை அழகாக வரைந்தால் போதாது. அது துணியில் நான்கு பக்கமும் ஒட்டுத் தெரியாமல் ஓட வேண்டும். இதற்கு ரிபீட் என்று பெயர். ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒரு நிறம் கூடினால் ஒரு ஸ்கிரீன் கூடும், செலவும் கூடும். அதனால் எட்டு நிறத்தில் யோசித்ததை நான்கில் முடிக்கத் தெரிந்த டிசைனருக்குத்தான் மரியாதை. நெசவு என்றால் பாவில் (நீளவாக்கு நூலில்) ஒரு நிறம், ஊடையில் (குறுக்கு நூலில்) ஒரு நிறம். சிவப்புப் பாவில் மஞ்சள் ஊடை ஓடினால் தூரத்தில் ஆரஞ்சாகத் தெரியும், கிட்டே போனால் இரண்டும் தனித்தனி. ஸூரா புள்ளி புள்ளியாக வைத்தது இதே வித்தைதான். ஒரே டிசைனை ஐந்தாறு நிறச் சேர்க்கையில் போட்டுக் காட்ட வேண்டும், லேப் டிப், அதாவது சாயம் போட்ட சின்ன மாதிரித் துணி, வந்ததும் பையர் (வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) கேட்ட ஷேடோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கணினி வேலையும் இதில் நிறைய உண்டு, பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

கரூரின் நிலைமை உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாதா? டிசைன் பையரிடமிருந்து வரும், நாம் நெய்து தைத்து அனுப்புவோம். ஒவ்வொரு ஜனவரியிலும் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத் துணிக் கண்காட்சி நடக்கிறது. அங்கே சொந்தமாக ஒரு கலெக்‌ஷனை விரித்துக் காட்டும் கம்பெனி, விலை பேசும் இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அதற்கு ஆள் வேண்டும். பழைய டிசைனில் நிறம் மாற்றித் தருகிறவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள், புதிதாக யோசிக்கிறவர்கள்தான் கிடைப்பதில்லை.

படிக்குமிடம் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. 1850இல் தொடங்கியது, எழும்பூர் பக்கம் இருக்கிறது. பி.எஃப்.ஏ. என்ற கவின் கலைப் பட்டம், நான்கு வருடம். ஓவியம், சிற்பம் போலவே டெக்ஸ்டைலும் ஒரு பிரிவு. செய்முறைத் தேர்வு உண்டு, பிளஸ் டூ கணக்கு மதிப்பெண்ணை விடக் கை எப்படி ஓடுகிறது என்பதுதான் அங்கே முக்கியம். கட்டணத்தில் ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அரசுக் கல்லூரியில் கட்டணத்தை விட விடுதியும் வண்ணமும் பேப்பரும்தான் செலவு. இங்கே இடம் கிடைக்கவில்லை என்று, பத்து லட்சத்துக்கு மேல் கேட்கும் தனியார் டிசைன் கல்லூரிக்குக் கடன் வாங்கிப் போகாதீர்கள். அந்தப் பணத்துக்கு இந்தத் தொழிலின் ஆரம்பச் சம்பளம் ஈடு கொடுக்காது. கும்பகோணத்தில் இன்னொரு அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் விண்ணப்பியுங்கள். முதல் இரண்டு மூன்று வருடம் ஐடி பையன்களின் சம்பளம் வராது, அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. மகளுக்குத் துணியில் மனசு போகவில்லை, கேன்வாஸில்தான் வரைவேன் என்றால் ஓவியப் பிரிவுக்கே விடுங்கள். பாதுகாப்பான வழி என்று டெக்ஸ்டைலை அவள் தலையில் கட்டினால், பெரியப்பா செய்வதைத்தான் நாமும் செய்கிறோம். அவளிடம் ஒரு கட்டத்தாள் கொடுத்து, ஒரே உருவத்தை ஓட்டம் விடாமல் தாள் முழுக்க நிரப்பச் சொல்லுங்கள். சலித்து எழுந்துவிடுகிறாளா, அல்லது நிறத்தை மாற்றிப் பார்க்க இரண்டாவது தாள் கேட்கிறாளா என்று பாருங்கள். அப்புறம் அப்பாவின் கம்பெனியில் டிசைன் செக்‌ஷன் இருந்தால் ஒரு நாள் அவளை அங்கே உட்காரவைக்க அனுமதி கேளுங்கள்.

பெரியப்பா அந்த சீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாரா என்பதை முதலில் விசாரியுங்கள். கொடுத்திருந்தால் ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இந்த வாரமே எழுத்து மூலமாகத் திரும்பக் கேளுங்கள், போனில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள்.