இன்சூரன்ஸ் படிப்பு என்றால் ஏஜென்ட் வேலைதானா?

கோத்தகிரியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பிளஸ் டூவில் கணக்கை விரும்பிப் படிக்கும் உங்கள் மகள் 'ரிஸ்க்' படிப்பு வேண்டும் என்கிறாள். வீடு வீடாகப் போய்ப் பாலிசி பிடிக்கவா இத்தனை படிப்பு என்று கலங்குகிறீர்கள். அவள் கேட்பது அந்த வேலையை அல்ல; வரக்கூடிய நஷ்டத்தை முன்கூட்டியே கணக்கிடும் வேலையை.

உங்கள் ஊரையே பாருங்கள். மழைக்காலத்தில் தடுப்புச்சுவர் சரிகிறது, கற்பூர மரம் ஜீப் மேல் விழுகிறது. நஷ்டஈடு யார் தருவது? டெல்லியில் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்த வழக்கில் மாநகராட்சியே பொறுப்பு என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில், 1997-இல், பொறுப்பில்லை என்றது. தீர்ப்பு எப்படி வந்தாலும் கொடுக்கப் பணம் இருக்க வேண்டும்.

அதற்காக நகராட்சி எல்லாவற்றுக்கும் பிரீமியம் கட்டினால் கட்டுப்படியாகாது. அடிக்கடி வரும் சிறு நஷ்டத்தைச் சொந்த நிதியிலிருந்து கொடுப்பதுதான் சுயகாப்பீடு; தாங்க முடியாத பெரிய நஷ்டத்துக்கு மட்டும் வெளியே காப்பீடு எடுக்கலாம். நம் சட்டத்திலேயே இதற்கு இடமுண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவுப்படி, தனி நிதி வைத்திருக்கும் உள்ளாட்சிக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் காப்பீட்டிலிருந்து விலக்குத் தரலாம். அந்த நிதியில் போதிய பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 'அரசு பஸ் ஜப்தி' என்ற செய்திகளில் படித்திருப்பீர்கள். எவ்வளவு போதும் என்று கணக்கிடுவதுதான் உங்கள் மகள் கேட்கும் வேலை.

1980-களில் அமெரிக்காவில் பிரீமியம் எகிறியபோது, காப்பீடே கிடைக்காத சிறு நகரங்கள் பல கூடிப் பொது நிதி தொடங்கின. நம் மொய் மாதிரி. ஆனால் தெரு முழுக்க ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் என்றால் யாருக்கு யார் மொய் எழுதுவது? 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றையும் ஒரே மழைதான் சரித்தது. மலை ஊர்கள் மட்டும் சேர்ந்தால் போதாது. சமவெளி ஊர்களும் சேர வேண்டும். இதை எண்ணால் நிரூபித்துக் காட்டக்கூடியவர்கள் நமக்குத் தேவை. மலைப்பிள்ளை ஒருத்தி அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை.

நகராட்சியில் நேரடியாக இப்படியொரு பதவியை எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம். வேலை பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனங்களிலும், அந்த நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மும்பையின் ஜிஐசி ரீ போன்ற மறுகாப்பீட்டு நிறுவனங்களிலும்தான். முதலில் பி.எஸ்சி. கணிதமோ புள்ளியியலோ சேரட்டும். இப்படி நஷ்டத்தைக் கணக்கிடுபவருக்கு ஆக்சுவரி என்று பெயர்; கூடவே இந்திய ஆக்சுவரி கழகத்தின் நுழைவுத் தேர்வான ஏசெட் எழுதலாம். அதன்பின் வரும் தாள்களை முடிக்கப் பல வருஷம் ஆகும். நடுவில் தோற்பதும் சகஜம். அப்போது வீட்டில் யாரும் கடிந்துகொள்ளாதீர்கள். உள்ளூரிலேயே இருக்க வேண்டுமென்றால், பட்டம் முடித்து டிஎன்பிஎஸ்சி எழுதி உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்குப் போகும் வழியும் இருக்கிறது.