டைகர் மாத்: கேளுங்கள், சொல்கிறேன்

இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் கம்பெனி செய்த டைகர் மாத், மேலும் கீழுமாக இரண்டு இறக்கை, திறந்த காக்பிட் கொண்ட பயிற்சி விமானம். முதலில் பறந்தது 1931 அக்டோபர் 26. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆயிரக்கணக்கானவர்கள் இதில்தான் பறக்கப் பழகினார்கள். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

இறக்கை லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கிறதே, ஜெட் மாதிரி வேகத்துக்காகவா?

இல்லை. இதன் உச்ச வேகமே மணிக்கு சுமார் 175 கி.மீ.தான். காரணம் பாராசூட். இதற்கு முந்தைய மாத் விமானத்தில் முன் இருக்கைக்கு நேர் மேலே பெட்ரோல் டேங்க், சுற்றிலும் அதைத் தாங்கும் கால்கள். முதுகில் பாராசூட்டோடு அவசரத்தில் வெளியே குதிப்பது பெரும்பாடு. அதனால் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் நகர்த்தினார்கள். அப்போது இறக்கையின் தூக்குவிசையும் முன்னால் போய் சமநிலை கெட்டது. அதைச் சரிசெய்யத்தான் இறக்கைகளைப் பின்னால் சாய்த்தார்கள். பார்க்க அழகாக இருக்கும் அந்தச் சாய்வு, முன் இருக்கையில் உட்காரும் பயிற்சியாளரின் உயிரைக் காக்கப் பிறந்தது.

அண்ணா, மாணவர் உட்காருவது முன்னாலா, பின்னாலா?

பின்னால், தம்பி. முன் இருக்கை விமானத்தின் எடை மையத்துக்கு அருகில் இருக்கிறது. பயிற்சியாளர் இறங்கிக்கொண்டு மாணவரைத் தனியாக அனுப்பும்போது, அந்த இடம் காலியானாலும் சமநிலை அதிகம் மாறாது. இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஒரு ரப்பர்க் குழாய் உண்டு. கோஸ்போர்ட் குழாய் என்று பெயர், முதல் உலகப் போர்க் காலத்துக் கண்டுபிடிப்பு.

ஓட்டுவதற்கு எளிதான விமானம் என்கிறார்களே?

பறக்க வைப்பது எளிது, நன்றாகப் பறப்பது கடினம். பயிற்சிக்கு இதைவிட நல்ல குணம் வேறு இல்லை என்பது என் கருத்து. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரான் என்ற அசையும் தகடு கீழ் இறக்கையில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் மந்தம். கைப்பிடியை மட்டும் சாய்த்துவிட்டுக் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் தகடான ரட்டரைக் காலால் மிதிக்க மறந்தால், விமானம் திருப்பத்தில் பக்கவாட்டாக வழுக்கும். திறந்த காக்பிட் என்பதால் அது உடனே தெரிந்துவிடும்: முன்கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு காற்று ஒரு கன்னத்தில் அறையும். எந்தக் கன்னமோ அந்தப் பக்கம் வழுக்குகிறோம் என்று பொருள். கருவியைப் பார்க்காமலே தவறைத் தோலால் உணர்ந்து திருத்தலாம். இப்படிப் பழகியவருக்குக் கால் பழக்கம் பிறகு எந்த விமானத்திலும் மறக்காது.

தரையிலும் அப்படித்தான். பிரேக் கிடையாது. வாலில் சக்கரத்துக்குப் பதில் ஒரு சறுக்குக் கட்டை, புல்தரையில் உரசித்தான் வேகம் குறையும். முன்னால் மூக்கு மறைப்பதால் பாம்பு போல வளைந்து வளைந்து ஓட்டி, வழி பார்த்துக்கொண்டே போகவேண்டும்.

எஞ்சின் தலைகீழாக இருப்பது ஏன்?

ஜிப்சி மேஜர் எஞ்சின், நான்கு சிலிண்டர், 130 குதிரைத்திறன். சிலிண்டர்கள் கீழ்நோக்கி இருப்பதால் சுழல் தண்டு மேலே வந்துவிடும். புரொப்பல்லர் தரையில் உரசாது, மூக்கும் தாழ்வாக இருப்பதால் பறக்கும்போது முன்பார்வை நன்றாகக் கிடைக்கும்.

ஸ்டார்ட் செய்வது எப்படி?

கையால் புரொப்பல்லரைச் சுற்றித்தான். தீப்பொறி தரும் மேக்னெட்டோ சுவிட்சுகள் காக்பிட்டுக்கு வெளியே, விமான உடம்பின் பக்கவாட்டில் இருக்கும். சுற்றப் போகிறவர் அவை அணைந்திருப்பதைத் தன் கண்ணாலேயே பார்க்கலாம். உள்ளே இருப்பவரும் அவரும் ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்லி, பதில் வாங்கிக்கொண்டுதான் அடுத்ததற்குப் போவார்கள். அந்த ஒழுங்கில் யாரும் அவசரப்படக் கூடாது. சுழலும் மரக்கட்டை கையைத் துண்டித்துவிடும்.

மொத்தம் எத்தனை செய்தார்கள்? இந்தியாவில் இருந்ததா?

8,800-க்கு மேல். போரின்போது மோரிஸ் கார் கம்பெனிகூட இங்கிலாந்தின் கௌலியில் இதைச் செய்து தள்ளியது. இந்திய விமானப்படையும் பயிற்சிக்கு வைத்திருந்தது. அப்புறம் 1951-ல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2 என்ற இந்தியப் பயிற்சி விமானம் வந்தது.

இன்று பயணியாக ஏறிப் பறக்க முடியுமா?

முடியும், இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வாய்ப்பு உண்டு. கோடையிலும் மேலே குளிரும், கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். ஏறும்போது இறக்கையில் நடப்பதற்கென்று உள்ள பட்டையில் மட்டும் கால் வையுங்கள். மற்ற இடமெல்லாம் மரச்சட்டத்தின் மேல் இழுத்து ஒட்டிய துணி, மிதித்தால் கிழிந்துவிடும்.