பேத்தி எந்த மொழியில் பதில் சொல்கிறாள்? மொழியழிவு பற்றிய கேள்வி பதில்

மொழியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், நாகர்கோவிலில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் மொழிகளின் அழிவையும் மீட்பையும் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. முப்பதுக்கு மேற்பட்ட சீட்டுகளில் பதினொன்று ஒரே கேள்வியைக் கேட்டன. அதைப் பிறகு கவனித்துக்கொள்வோம்.

தக்கலை: ஒரு மொழி எந்த நாளில் இறந்ததாகக் கொள்வது? கடைசியாக அதைப் பேசியவர் கண்மூடும் நாளையா?

நாளிதழ்களுக்கு அந்த நாள்தான் செய்தி. ஆனால் அதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்பே காரியம் முடிந்திருக்கும். அந்தமானில் போ மொழி பேசிய கடைசி மனிதரான போவா மூதாட்டி 2010 ஜனவரி 26 அன்று, ஏறத்தாழ 85 வயதில் காலமானார். குளச்சலில் நம் மக்களை வாரிச் சென்ற அதே 2004 சுனாமியில் உயிர் தப்பியவர் அவர். தம் மொழியில் பேச்சுக்குப் பேச்சு கொடுக்க ஆளில்லாமல் பல ஆண்டுகளைக் கழித்த அவர், மற்றவர்களோடு அந்தமான் இந்தியில்தான் பேச வேண்டியிருந்தது. அவருடைய பேச்சையும் பாட்டையும் மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவு செய்தார். 1858 இல் ஆங்கிலேயர் அங்கே தண்டனைக் குடியேற்றம் அமைத்த பிறகு பரவிய நோய்களால் மாண்டு மாண்டு, 1961 கணக்கெடுப்பில், போ மொழியினரும் அடங்கிய பெரிய அந்தமானியர் என்ற பழங்குடியினர் மொத்தமே 19 பேராகக் குறைந்திருந்தனர். அந்த மொழி இறந்த ஆண்டு எது என்று என்னைக் கேட்டால், அதைக் கேட்டு வளர்ந்த கடைசிப் பிள்ளை தன் பிள்ளையிடம் அதைப் பேசாமல் விட்ட ஆண்டு என்றுதான் சொல்வேன்.

மார்த்தாண்டம்: எல்லா மொழிகளும் நோயாலும் படுகொலையாலுமா அழிகின்றன? மக்களே விட்டுவிடுவதில்லையா?

விடுகிறார்கள்; ஆனால் 'விரும்பி' விடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. எல் சால்வடாரில் 1932 இல் பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டபோது, மொழியே தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சத்தில் பலர் அதைப் பேசுவதை நிறுத்தினர். ஹவாயில் 1896 இல் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலம் மட்டுமே என்று சட்டம் வந்தது. அந்தத் தீவுகளின் சொந்த மொழி வகுப்பறையைவிட்டு வெளியேறியதோடு, நாளடைவில் வீட்டைவிட்டும் வெளியேறியது.

நம் மாவட்டத்தில் சட்டமும் துப்பாக்கியும் இல்லாமலே அது நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பேச்சிப்பாறைக்கு மேலே, காணிக்காரர் என்ற மலைப் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றில், ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்து திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு முதியவரோடு காலை முழுதும் இருந்தேன். அவர் தம் பேத்தியை அவர்கள் பேச்சில் அழைத்தார். அவள் பாடப்புத்தகத் தமிழில் பதில் சொன்னாள். அவர் மறுபடியும் தம் பேச்சிலேயே ஏதோ கேட்டார். அவள் மறுபடியும் தமிழிலேயே சொன்னாள். இருவருக்கும் எல்லாம் புரிந்தது, சண்டையில்லை, வருத்தமில்லை. ஆனால் நாளை அவள் தன் பிள்ளையை அழைக்கும்போது எந்தப் பேச்சு வரும்? "பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள்" என்று மட்டும் அந்த முதியவர் என்னிடம் சொன்னார். உங்கள் கேள்விக்கு என்னுடைய விளக்கத்தைவிட அந்த இரண்டு சொற்கள் நல்ல பதில்.

குலசேகரம்: காணிக்காரர் பேசுவது மலையாளத்தின் சிதைவுதானே? அதைத் தனிமொழி என்று சொல்லி எதற்கு இத்தனை ஆரவாரம்?

பூதப்பாண்டி: குலசேகரம் அன்பர் சொல்வது தவறு. அது தொல்தமிழ். மலையாளத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று நீங்கள் உறுதிப்படுத்த வேண்டும்.

இவ்விருவரும் கூட்டத்திலேயே அரைமணி நேரம் வாதிட்டார்கள் என்பதால், மற்றவர்களின் கேள்விகளுக்கு உரிய இடத்தில் கொஞ்சத்தை இவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அகத்தியமலைத் தொடரின் இரு பக்கத்திலும் வாழும் காணிக்காரரின் பேச்சு, மலம்பாஷை என்று குறிப்பிடப்படுவது, தமிழோடும் மலையாளத்தோடும் பொதுவான கூறுகள் பல கொண்டது. இரண்டும் நெருங்கிய உறவு மொழிகளாக இருக்கையில் வேறெப்படி இருக்கும்? நம் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1 இல். அதற்கு வெகுகாலம் முன்பே மலையின் இரு சரிவுகளிலும் இருந்தவர்களிடம் போய், நீ அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று கேட்பது நம் பழைய வழக்கை அவர்கள் தலையில் கட்டுவதாகும்.

'சிதைவு' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். "ஓர்மை இருக்கா மக்கா?" என்று கேட்கும் நம்மைப் பார்த்து வடக்கிலிருந்து வந்த ஒருவர், 'உங்கள் பேச்சு பாதி மலையாளம்' என்று சொன்னால் நமக்குச் சுள்ளென்று வருகிறதல்லவா? இலக்கணம் இல்லாத மனிதப் பேச்சு எதுவும் கிடையாது. மொழிக்கும் வட்டார வழக்குக்கும் நடுவே கோடு போடுவது பெரும்பாலும் அரசியல். மொழியியலால் அதற்கு ஓரளவுதான் உதவ முடியும். பேசுவோரின் காதில் 'சிதைவு', 'கொச்சை' என்று ஓயாமல் ஓதுவதே அந்தப் பேச்சைக் கொல்லும் வழிகளில் ஒன்று. அதைத் தொல்தமிழ் என்று கொண்டாடுவதும் 'உனக்கென்று ஒன்றுமில்லை' என்று சொல்லும் இன்னொரு வகையே.

குலசேகரம், மீண்டும்: அப்படியானால் அரசின் கணக்கெடுப்பில் ஏன் இத்தகைய மொழிகளின் பெயரைப் பார்க்க முடிவதில்லை?

1971 முதல், 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளைக் கணக்கெடுப்பு தனியே வெளியிடாமல் 'பிற' என்ற தலைப்பில் சேர்த்துவிடுகிறது. 1961 இல் 1,652 தாய்மொழிகளைக் குறிப்பிட்ட அதே கணக்கெடுப்பு, 2011 இல் 121 மொழிகளைப் பட்டியலிடுகிறது. இடையில் ஆயிரத்து ஐந்நூறு மொழிகள் செத்துவிட்டதாக ஒருவர் மேடையில் முழங்கக் கேட்டிருக்கிறேன். எண்ணும் முறை மாறியதை அவர் கவனிக்கவில்லை. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

பதினொரு சீட்டுகள்: அழியப்போகும் மொழிகளில் தமிழும் ஒன்று என்று யுனெஸ்கோ அறிவித்தது உண்மையா?

இல்லை. யுனெஸ்கோவின் அழியும் மொழிகளின் வரைபடத்தில் இந்திய மொழிகள் 197 இருக்கின்றன. நம் பக்கத்து நீலகிரியின் தோடர் மொழியும் கோத்தர் மொழியும் அவற்றில் உண்டு, தமிழ் இல்லை. 2011 இல் இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் 6 கோடியே 90 லட்சம் பேர். இதே பதிலைச் சென்ற ஆண்டும் எழுதினேன், அதற்கு முந்தைய ஆண்டும் எழுதினேன். இல்லாத அறிக்கைக்காகப் பதைக்கும் நம்மில் எத்தனை பேர் தோடர் மொழியின் ஒரு சொல்லையாவது கேட்டிருக்கிறோம்? ஆனால் எண்ணிக்கை பெரிது என்று நிம்மதியாக உறங்கவும் வேண்டாம். பெங்களூரில் வளரும் என் பேத்திக்கு நான் தமிழில் கதை சொல்கிறேன். அவள் ஆங்கிலத்தில் 'உம்' கொட்டுகிறாள். பேச்சிப்பாறைத் திண்ணையில் பார்த்ததை நான் என் வீட்டிலும் பார்க்கிறேன்.

கன்னியாகுமரி: குமரிக்கண்டம் மூழ்கியபோது எத்தனை மொழிகள் அழிந்தன?

நிலவியலாரிடம் கேளுங்கள்.

திருவட்டாறு: சிதறாலில் வட்டெழுத்துக் கல்வெட்டைப் பார்த்தேன். அந்த மொழியை மீட்க வழியுண்டா?

அங்கே வழக்கொழிந்தது எழுத்து மட்டுமே, மொழி அன்று. வட்டெழுத்தில் எழுதப்பட்ட தமிழைத்தான் நீங்கள் இப்போது வேறு எழுத்தில் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள்.

குளச்சல்: மீனவர் பேச்சும் அழிகிறது என்கிறார்கள். அது தமிழ்தானே, எப்படி அழியும்?

நல்ல கேள்வி, இன்னும் நான்கு பேர் இதைக் கேட்டிருக்கலாம். மொழி நிற்க, அதற்குள்ளிருக்கும் அறிவு மட்டும் கரைந்துபோவதும் உண்டு. கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்குப் பெயர் சொன்னால், திசையோடு பருவமும் கடலின் குணமும் சேர்ந்து வரும். கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் பொருத்திக் கடலடிப் பாறை இருக்கும் இடத்தைத் தந்தை மகனுக்குச் சொல்லித் தருவார். இன்று ஜிபிஎஸ் கருவியில் எண்ணைப் பதிந்தால் போதும், அதனால் சொல்லித்தர வேண்டிய தேவை போயிற்று. கருவியைக் குறை சொல்லவில்லை. கட்டுமரத்தில் போனவருக்கு அதன் அருமை தெரியும். சொல் வழக்கிழப்பது பெரும்பாலும் இப்படித்தான், யாருக்கும் பகையில்லாமல்.

கருங்கல்: இஸ்ரேலில் ஹீப்ரூவை மீட்டது போல எந்த மொழியையும் மீட்டுவிட முடியாதா?

ஹீப்ரூவை உதாரணமாக்காதீர்கள் என்று நான் எப்போதும் எச்சரிப்பதுண்டு. வழிபாட்டிலும் எழுத்திலும் அது ஒருநாளும் நின்றதில்லை. தாய்மொழியாக இருப்பதுதான் நின்றிருந்தது. 1881 இல் எருசலேமுக்குக் குடியேறிய எலியேசர் பென் யெஹூதா தம் மகனை ஹீப்ரூவில் மட்டுமே வளர்த்தார். ஆனால் அவருடைய பிடிவாதம் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. பல நாடுகளிலிருந்து பல மொழிகளோடு வந்து சேர்ந்தவர்களுக்குப் பொதுமொழி ஒன்று தேவைப்பட்டது. அதற்கு விலையாக அவர்களுடைய இத்திஷ் போன்ற வீட்டுமொழிகள் ஓரங்கட்டப்பட்டன.

நமக்குப் பொருந்தும் பாடம் நியூசிலாந்தில் கிடைக்கும். 1982 இல் மவோரி மக்கள் மழலையர் பள்ளிகளைத் தொடங்கி அவற்றுக்கு 'மொழிக்கூடு' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். மொழி தெரிந்த பாட்டிமார் அங்கே பாடம் நடத்தவில்லை. சோறூட்டினார்கள், அதட்டினார்கள், தூங்கவைத்தார்கள், எல்லாவற்றையும் மவோரியில் செய்தார்கள். பிரிட்டனை அடுத்த மான் தீவில் மாங்க்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி முதியவர் நெட் மாட்ரெல் 1974 இல் இறந்தார். 2009 இல் யுனெஸ்கோ அந்த மொழி அழிந்துவிட்டது என்று குறித்தபோது, அந்த மொழியிலேயே படிக்கும் பள்ளிப்பிள்ளைகள் மாங்க்ஸில் கடிதம் எழுதி, அப்படியானால் நாங்கள் எந்த மொழியில் எழுதுகிறோம் என்று கேட்டார்கள். குறிப்பு திருத்தப்பட்டது.

மலையோரக் குடியிருப்பு ஒன்றிலிருந்து கல்லூரி மாணவி: நான் காணி இனத்தைச் சேர்ந்தவள். எங்கள் மொழி தமிழா மலையாளமா என்று வாதிட்ட இருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பாட்டியின் பேச்சைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க?

முதலில், நடந்ததற்காக மன்னியுங்கள் அம்மா. வெளியார் பலர் கொக்கரை என்ற தாளக்கருவியும் சாற்றுப்பாட்டு என்ற சடங்குப் பாட்டும் கேட்டு நேரே மலையேறுகிறார்கள். அனுமதி இல்லாமல் கைபேசியை நீட்டாதீர்கள் என்று நான் சொல்லி அலுத்துவிட்டது. நீங்கள் சடங்குப் பாட்டில் தொடங்க வேண்டாம். அதில் வெளியே போகக் கூடாதவை எவை என்பதை உங்கள் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். அடுப்படியில் தொடங்குங்கள்: அவர் கிழங்கு வேகவைக்கும்போது என்ன சொல்கிறார், ஆட்டை எப்படி விரட்டுகிறார், உங்களை எப்படித் திட்டுவார். ஒவ்வொரு பதிவிலும் நாள், இடம், பேசியவர் யார் என்பதைக் குரலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு படி உங்கள் வீட்டில் இருக்கட்டும். கேள்வியையும் உங்கள் மொழியிலேயே கேளுங்கள். தடுமாறினால் பாட்டி திருத்துவார். அந்தத் திருத்தத்தை வெட்டிவிடாதீர்கள்.