“இது சரியாம்மா?”

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு, வணக்கம்.

என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். தினமும் காலையில் மொட்டை மாடியில் அவன் அப்பாவோடு நின்று பல் தேய்ப்பான். மார்கழியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு வலப்பக்கம் எழுந்த சூரியன், சித்திரையில் இடப்பக்கம் எழுவதை அவனே கவனித்திருக்கிறான். பள்ளி திறந்ததும், “சூரியன் கிழக்கில் உதிக்கும்” என்று பாடம் நடந்தபோது எழுந்து இதைச் சொல்லியிருக்கிறான். “புக்ல இருக்கறதை எழுது, போதும்” என்றாராம் டீச்சர். வகுப்பே சிரித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அழுதான். “ஆம்பளப் பிள்ளை இதுக்கெல்லாம் அழுவியா?” என்று அவன் அப்பா அதட்டினார். அழுகை நின்றது, பேச்சும் நின்றுவிட்டது. என்ன கேட்டாலும் “ஒண்ணுமில்ல.” வீட்டுப்பாடத்தில் மட்டும் வரிக்கு வரி “இது சரியாம்மா?” நேற்று ஒரே விடையை அழித்து அழித்து எழுதி, நோட்டில் ஓட்டை விழுந்துவிட்டது. “இப்பத்தான் அடக்கமா இருக்கான்” என்கிறார் மாமியார். எனக்குப் பயமாக இருக்கிறது.

– ஒரு தாய், கோவில்பட்டி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்னது சரி. சூரியன் நேர்கிழக்கில் உதிப்பது வருடத்தில் இரண்டு சமயம்தான், மார்ச் 20, செப்டம்பர் 23 வாக்கில். டிசம்பரில் தெற்கே தள்ளியும் ஜூனில் வடக்கே தள்ளியும் உதிக்கும். உத்தராயணம், தட்சிணாயணம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த நகர்வைத்தான். இதை இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

மாமியார் பார்ப்பது அடக்கம் இல்லை, அம்மா. தான் கண்ணால் பார்த்ததையும் சொல்லக்கூடாது, மனசில் பட்டதையும் காட்டக்கூடாது என்று ஒரே நாளில் அவனுக்குப் பட்டிருக்கிறது. அந்த நோட்டில் விழுந்த ஓட்டை அதைத்தான் சொல்கிறது.

எதிரே உட்கார வைத்து “என்னடா ஆச்சு?” என்று கேட்காதீர்கள். துணி மடிக்கும்போது பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, “அன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்போ வெட்கமா இருந்துச்சா, கோபமா இருந்துச்சா?” என்று கேளுங்கள். இரண்டு வார்த்தை கையில் கொடுத்தால் ஒன்றைப் பிடித்துக்கொள்வான், இல்லை “ரெண்டும் இல்ல” என்று மூன்றாவதைச் சொல்வான். 2007இல் மேத்யூ லீபர்மேன் குழுவினர் பெரியவர்களிடம் செய்த மூளை ஸ்கேன் ஆய்வில், படத்தில் உள்ள முகத்தின் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் பரபரப்பு குறைந்தது. குழந்தைகள் விஷயத்திலும் பெயர் கிடைத்த உணர்ச்சி கொஞ்சம் அடங்குவதை நான் தினமும் பார்க்கிறேன்.

அப்புறம், “இது சரியாம்மா?” என்று நோட்டை நீட்டினால் உடனே சரி, தப்பு சொல்லாதீர்கள். “நீ எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று கேளுங்கள். விடை சரியாக இருக்கும்போதும் கேளுங்கள். தப்பானால் மட்டும் கேட்டால், அந்தக் கேள்வியே அவனுக்குத் திட்டாகிவிடும். சில நாள் அவனுடைய முடிவு தவறாகவும் இருக்கும். அப்போது, “வேற என்ன பார்த்தா நீ மனசை மாத்திப்ப?” என்று கேட்டுப் பாருங்கள். பரீட்சையில் கிழக்கு என்றே எழுதட்டும். அது பொதுவான விதி, அவன் பார்த்தது அதன் நுணுக்கம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதை ஒன்பது வயதுப் பிள்ளையால் புரிந்துகொள்ள முடியும். டீச்சரை ஒருநாள் தனியாகப் பார்த்து, புகாராக இல்லாமல், பையன் மாடியில் பார்த்த கதையாகச் சொல்லுங்கள்.

கணவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கும் சின்ன வயதில் யாரோ அதையேதான் சொல்லியிருப்பார்கள். தான் எப்போது அவமானப்பட்டு அழுதேன் என்று அவர் மகனிடம் ஒரு தடவை சொன்னால், நான் எழுதிய இவ்வளவையும்விட அது வேலை செய்யும்.

பள்ளிக்குப் போகவே மறுத்தாலோ, சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரமாகக் குறைந்தாலோ குழந்தை மனநல நிபுணரிடம் அழைத்துப் போங்கள். போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலிமானஸ் சேவையின் எண் 14416, கட்டணம் கிடையாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் ஒரு சாக்பீஸோடு மாடிக்குப் போகட்டும். நிற்கும் இடத்தில் ஒரு வட்டம், சூரியன் தெரிகிற நேருக்குக் கைப்பிடிச் சுவரில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. கோட்டை அவனே போடட்டும்.